காட்பாடி பக்கம் கட்டி முடித்த தனி வீடு: முன்பணம் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

கேள்வி: வேப்பமரத்தடி

வணக்கம். கழிஞ்சூர், பிரம்மபுரம் சுற்றுவட்டாரத்தில் புதுசாக வளர்ந்துவரும் மனைப்பிரிவில் ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். 30க்கு 40 மனை, கீழும் மேலுமாக மூன்று படுக்கையறை, மேற்குப் பார்த்த வாசல். கட்டி முடித்து ஆறு மாதம் ஆகிறது, இன்னும் யாரும் குடிவரவில்லை. 600 அடி போர் போட்டிருக்கிறோம், தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது என்கிறார் கட்டியவர். பாதாளச் சாக்கடை இன்னும் அந்தத் தெருவுக்கு வரவில்லை, சீக்கிரம் வரும் என்கிறார். தெருவில் பாதி மனைகள் காலியாக இருக்கின்றன. வயதான அம்மாவையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர்.

பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவோம். அதைத் தவிர வீட்டிலும் தெருவிலும் எதை எப்படிச் சோதிப்பது? அந்தப் பக்கம் அன்றாட வசதிகள் எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: ஊற்றுக்கண்

மற்ற எதையும் விட முதலில் தண்ணீர். வேலூரில் வீட்டின் விலையைச் சொல்வது சதுரடியாக இருக்கலாம், அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா என்பதைச் சொல்வது தண்ணீர்தான்.

"600 அடி போர்" என்பது ஆழக் கணக்கு மட்டுமே. நம்ம ஊர் அடியில் கடும்பாறை. மேலே கொஞ்சம் மண், மக்கிய பாறை, அதற்குக் கீழே முழுப் பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடுகிறது. வெடிப்பு கிடைத்தால் 250 அடியிலும் தண்ணீர் உண்டு, கிடைக்காவிட்டால் 900 அடியிலும் புகைதான். அதனால் ஆழத்தைக் கேட்காதீர்கள். எத்தனை அடியில் தண்ணீர் பட்டது, கேசிங் பைப் (மேல்மண் சரியாமல் துளையின் மேல்பகுதியில் இறக்கும் குழாய்) எத்தனை அடி இறக்கினார்கள், மோட்டாரை எத்தனை அடியில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். போர் போட்ட வண்டிக்காரரின் பில்லில் அடிக்கணக்கும் கேசிங் கணக்கும் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. அரை மணி நேரம் மோட்டாரைப் போட்டுக் காட்டுவார்கள், தண்ணீர் கொட்டும், நாமும் திருப்தியாக வந்துவிடுவோம். அந்த அரை மணி நேரம் எதையும் காட்டாது. ஆறரை அங்குலத் துளையில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 300 அடி உயரம் நின்றால் அதுவே 1,900 லிட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 40 லிட்டர் எடுக்கும் மோட்டார் அரை மணியில் இறைப்பது 1,200 லிட்டர். அதாவது துளைக்குள் ஏற்கெனவே நின்ற தண்ணீரைத்தான் பார்த்திருப்பீர்கள், புதிதாக ஊறுகிறதா என்று பார்க்கவே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் கொண்டுபோங்கள். மோட்டார் போட்டதும் டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். நிறுத்தாமல் இரண்டு மணி நேரம் ஓடட்டும், தண்ணீரைச் சம்பிலும் (நிலத்தடித் தொட்டி) மேல்தொட்டியிலும் விட்டுக்கொள்ளலாம். முடிவில் மறுபடி டிரம்மை வையுங்கள். முதலில் ஐந்து நிமிடம், கடைசியிலும் ஐந்தாறு நிமிடம் என்றால் ஊற்று நன்றாக இருக்கிறது. ஐந்து பதினைந்தாக ஆனாலோ, காற்றும் தண்ணீருமாகத் துப்பினாலோ, சேறு கலந்து வந்தாலோ கோடையில் லாரித் தண்ணீர்தான். மழை முடிந்த டிசம்பர், ஜனவரியில் பார்த்தால் எல்லாப் போரும் நல்ல போராகத்தான் தெரியும். ஏப்ரல், மே மாதத்தில் எப்படி என்று அதே தெருவில் இரண்டு வருஷமாவது குடியிருக்கும் மூன்று வீட்டில் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களைக் கேட்டால் உண்மை சீக்கிரம் வரும், அவர்களுக்கு விலை இறங்கிவிடுமே என்ற கவலை இல்லை.

பிறகு தரம். மோட்டார் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு, சுத்தமான இரண்டு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை கழுவி, விளிம்பு வரை பிடித்து மூடுங்கள். தொட்டித் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் வேலூரிலேயே இருக்கிறது. கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். கிருமி சோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய பாட்டில் தனி. முடிவு வந்ததும் நான்கு எண்களைப் பாருங்கள்:

கரைந்த உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. கடினத்தன்மை 200 வரை நல்லது, 600 கடைசி வரம்பு. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, இதற்கு மேல் தளர்வே கிடையாது.

கடினத்தன்மை 400, 500 என்று வந்தால் வீட்டை விட்டு ஓட வேண்டாம். கீசர் காயிலும் ஷவர் துளையும் உப்புப் படிந்து அடைக்கும், சோப்பு நுரைக்காது, பாத்ரூம் டைல்ஸில் வெள்ளைக் கறை நிற்கும். செலவுதான், ஆபத்து இல்லை. நைட்ரேட் கூடியிருந்தால் கதை வேறு. பெரும்பாலும் பக்கத்துக் கழிவுக்குழி போருக்குள் கசிகிறது என்று அர்த்தம். ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் காய்ச்சிப் போக்க முடியாது. காய்ச்சக் காய்ச்ச செறிவு ஏறத்தான் செய்யும்.

மாநகராட்சி இணைப்பு வீட்டுக்குள் வந்துவிட்டதா, தெருவோடு நிற்கிறதா என்பதையும் பாருங்கள். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் தெரு என்றால் குடிக்க, சமைக்க அது போதும், ஆர்ஓ இயந்திரத்துக்கே அவசியம் இருக்காது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் விடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுச் சம்பு அளவைக் கணக்குப் போடுங்கள். ஐந்து பேருக்கு நாளுக்கு 650 முதல் 700 லிட்டர் ஆகும். லாரி ஒன்று வந்து கொட்டினாலும் கொள்ள வேண்டும் என்றால் உள்ளளவு 8க்கு 6 அடி, ஆழம் 5 அடி இருக்கணும். மேலே அரை அடி விட்டு 6,100 லிட்டர் பிடிக்கும். கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் 4க்கு 4 சம்பு கட்டி 'சம்பு வசதி' என்று எழுதியிருப்பார்கள். மூடியைத் திறந்து டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

---

பதில் 2: மட்டக்கோல்

மேலே அண்ணன் சொன்ன நைட்ரேட் விஷயத்தோட தொடர்ச்சி இது. பாதாளச் சாக்கடை வராத தெருன்னா கழிவு எங்க போகுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க.

முறையா கட்டினா செப்டிக் டேங்குக்கு அடித்தளம் கான்கிரீட், நாலு பக்கமும் பூச்சு, நடுவுல தடுப்பு வச்சு ரெண்டு அறை, மேல காத்துக்குழாய். அதுல தெளிஞ்ச தண்ணி மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகணும். செலவைக் குறைக்க நிறைய பேர் பண்றது என்னன்னா, நாலஞ்சு சிமெண்ட் உறையை இறக்கி, அடியை மண்ணா விட்டுட்டு, மேல மூடி போட்டு அதையே செப்டிக் டேங்குன்னு சொல்றது. குழி எப்பவும் ரொம்பாது, வாங்கறவங்களுக்கும் சந்தோஷம். ரொம்பாததுக்குக் காரணம் எல்லாம் நிலத்தடிக்கு இறங்குது.

உறிஞ்சு குழிக்கும் குடிதண்ணிப் போருக்கும் நடுவுல 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இருக்கணும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. உங்க மனை 30க்கு 40. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கா அளந்தாலே 50 அடிதான். ஆக எங்க வச்சாலும் அந்த தூரம் கிடைக்காது. இதுல பக்கத்து வீட்டுக்காரர் குழி உங்க போர் பக்கத்துல வந்தா உங்ககிட்ட என்ன ஒழுங்கு இருந்தும் பிரயோஜனமில்ல. அதனால சாக்கடை இணைப்பு வர்ற வரைக்கும் போர் தண்ணியைக் குடிக்கப் பயன்படுத்தாதீங்க. கேசிங் பைப் மக்கின பாறையைத் தாண்டி கெட்டிப் பாறைக்குள்ள உட்கார்ந்திருக்கா, சுத்தி சிமெண்ட் வச்சு அடைச்சிருக்கான்னு பாருங்க. மேல்மட்டக் கசிவு போருக்குள்ள இறங்காம தடுக்கறது அதுதான்.

டேங்க் சுத்தம் பண்ண ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா 14420க்குப் போன் பண்ணி லாரி வரவழைங்க. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்கவே கூடாது. விஷவாயு ஒரு நிமிஷம் தாங்க விடாது. சட்டப்படி குற்றமும்கூட.

அடுத்தது மட்டம். பேஸ்மட்டம் ரோட்டை விட இப்போ எவ்வளவு உயரம்னு அளங்க. இன்னும் தார் போடாத மண் ரோடுன்னா குறைஞ்சது மூணு அடி வேணும். சாக்கடைக் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டுவாங்க, மூடுவாங்க, ஜல்லி போடுவாங்க, தார் போடுவாங்க. மட்டம் ஏறிக்கிட்டேதான் போகும். பழைய பரப்பைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021லேயே அரசு சொல்லியிருக்கு, ஆனா மண் ரோடு முதல் தடவையா தார் ரோடு ஆகும்போது உயரத்தான் செய்யும். கீழ்த்தள பாத்ரூம் தரை, நாளைக்கு வரப்போற ஆள்நுழைவுக் குழிக்குக் கீழ போயிடுச்சுன்னா, மழைக்காலத்துல கழிவு திரும்பி வீட்டுக்குள்ள வரும். அதுக்கப்புறம் தரையைத் தூக்கறது வீட்டைப் பாதி இடிச்சுக் கட்டற வேலை.

வீட்டுக்குள்ள ரூபா நாணயத்தை வச்சு சுவரையும் தரை டைல்ஸையும் தட்டிக்கிட்டே போங்க. டொக்டொக்னு பொய்ச்சத்தம் வந்தா உள்ள கலவை பிடிக்கல. சுவர்ல தரையிலிருந்து ரெண்டு மூணு அடி உயரத்துக்கு உப்பு பூத்திருக்கா, பெயிண்ட் பொருக்கு விடுதான்னு பாருங்க. ஆறே மாசத்துல பூத்திருந்தா ரெண்டுல ஒண்ணு. பேஸ்மட்டத்து மேல ஈரம் தடுக்கும் பட்டை போடல, இல்லன்னா உப்புத் தண்ணியிலேயே கட்டியிருக்காங்க. ரெண்டாவதுதான் மோசம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு இருக்கற தண்ணி கூடாது. கம்பி உள்ளேயே துருப்பிடிச்சு உப்பி, பத்துப் பதினஞ்சு வருஷத்துல கூரையிலிருந்து சிமெண்ட் பெயர்ந்து விழும். தண்ணி சோதனை பண்றப்போ குளோரைடு எண்ணையும் சேர்த்து வாங்கிக்குங்க, இந்த வீடு எந்தத் தண்ணியில எழும்புச்சுன்னு அதுவே சொல்லிடும்.

மொட்டைமாடியில தளவோடோ கூலிங் டைல்ஸோ போட்டிருக்கா, வெறும் சிமெண்ட் பூச்சா? மே மாசம் 40 டிகிரி தாண்டற ஊர். மேல் மாடிப் படுக்கையறை மேற்குச் சுவரோட இருந்தா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போய் அந்தச் சுவர்லயும் கூரையிலயும் கையை வச்சுப் பாருங்க. அம்மாவைக் கீழே வைங்க. மேலே வெறும் பூச்சுன்னா, ஒரு வாளி தண்ணியை ஊத்தி எங்கயாவது தேங்குதான்னு பார்த்துட்டு, தளவோடு போடற செலவை விலையில கழிக்கச் சொல்லுங்க.

---

பதில் 3: புலப்படம்

வக்கீல் பார்ப்பார் என்றீர்கள். வக்கீல் தாளைப் பார்ப்பார், இடத்துக்கு வரமாட்டார். சில விஷயங்கள் தாளும் இடமும் சேர்ந்தால்தான் தெரியும்.

சர்வே எண்ணை வைத்து பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்ற கிராமக் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். படத்தில் ஓடையோ வாய்க்காலோ கோடு போட்டிருந்து, அங்கே இப்போது சாலையோ காம்பவுண்டோ இருந்தால் மழைக்கு அது தன் வழியைத் திரும்பக் கேட்கும். காட்பாடி பக்கம் கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி இரண்டும் இருக்கின்றன. ஏரி நிரம்பிக் கோடி வழிந்தால் தண்ணீர் எந்தத் தெரு வழியாக இறங்கும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட வாரத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எந்த உயரம் நின்றது என்று கேட்டால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அனுமதி எண் இருக்கிறதா? இல்லாவிட்டால், அனுமதி இல்லாத மனையைப் பின்னர் வரன்முறைப்படுத்திய உத்தரவு இருக்கிறதா? 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் அந்தத் திட்டம். அனுமதி எண் இருந்தால் மட்டும் போதாது, வரைபடத்தையும் வாங்கி உங்கள் மனை எண் அதில் மனையாகத்தான் இருக்கிறதா, பூங்காவுக்கு ஒதுக்கிய இடமா என்று பாருங்கள்.

கட்டட அனுமதியும் தனியாக வேண்டும். 2,500 சதுரடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுரடி வரை தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. சுலபமாகக் கிடைப்பதாலேயே வரைபடம் ஒன்று, கட்டியது வேறு என்று ஆகிவிடுகிறது. பக்கவாட்டு இடைவெளியை டேப் வைத்து அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். எட்டு வீட்டுக்கு உட்பட்டு, 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனையில் கட்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு தேவையில்லை. ஒற்றை வீடு கட்டி விற்பவரிடம் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது என்று பொருள். ஆகவே கசிவு, விரிசல், மோட்டார் பழுது இவற்றை இத்தனை மாதம் வரை அவர் செலவில் சரிசெய்வார் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

செலவில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம். இதற்கு வங்கிக் கடன் பெரும்பாலும் கிடைக்காது, கையில் இருக்க வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. நிறைய பேர் இதைத் தவறவிட்டு, பிறகு வட்டியும் தாமதக் கட்டணமும் கட்டுகிறார்கள்.

மின் அட்டையைக் கேளுங்கள். கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே வீட்டை விற்றுவிடுவது உண்டு. அந்தக் கட்டண விகிதம் பல மடங்கு, வீடுகளுக்கான இலவச யூனிட்டும் கிடையாது. வீட்டு உபயோக இணைப்பாக மாற்றித் தந்த பிறகே கடைசித் தவணை.

---

பதில் 4: முள்ளுக்கத்தரி

அன்றாட வாழ்க்கை பற்றி யாரும் சொல்லவில்லையே, அதனால் நான்.

போக்குவரத்துதான் அந்தப் பக்கத்துக்குப் பலம். காட்பாடி சந்திப்பு பக்கத்திலேயே. சென்னை, பெங்களூரு இரண்டுக்கும் வண்டி நிற்கும், வந்தே பாரத் உட்பட. காட்பாடி - பாகாயம் டவுன் பஸ் மெயின் ரோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது வீட்டிலிருந்து மெயின் ரோடு வரையான தூரம். ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டில்தான் ஓடும், உள் தெருவுக்கு வராது. அம்மாவை சிஎம்சி மருத்துவமனைக்கோ வேறெங்கோ கூட்டிப்போக வேண்டும் என்றால் காலை நேரத்தில் ஒருமுறை வீட்டிலிருந்து போய்ப் பாருங்கள். காட்பாடி ரயில்வே மேம்பாலமும் பாலாற்றுப் பாலமும் காலை எட்டரை முதல் பத்து வரை எவ்வளவு நேரம் தின்னும் என்று தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

காய்கறிக்கு காட்பாடியிலேயே உழவர் சந்தை இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் போனால் நல்ல சரக்கு. இலவம்பாடி முள்ளுக்கத்தரி வரும்போது விடாதீர்கள், புவிசார் குறியீடு பெற்ற காய் அது, எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதற்கு ஈடே இல்லை. மொத்தமாக மளிகை வாங்க வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் போவதுதான் கட்டுப்படி.

விஐடி பல்கலைக்கழகம் பக்கம் என்பதால் மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்துக் காலிமனையில் நாளை மூன்று மாடி விடுதி வந்தால் அதே போர்த் தண்ணீரை நாற்பது பேர் பங்குபோடுவார்கள், தெருவில் இருபது வண்டி நிற்கும். இரு பக்கத்து மனைகளும் யாருடையவை, என்ன கட்டப் போகிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். காலிமனைகளில் மழைக்குப் பிறகு புதரும் கொசுவும் சேரும். பாம்பும் வரும். ஜன்னலுக்கெல்லாம் வலை, கழிவுநீர் வெளியேறும் துளைகளுக்கு ஜாலி, கேட்டுக்கு அடியில் ரப்பர் பட்டை, இவற்றை குடிபோகும் முன்பே போட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, ஒரு கோடையைக் கழித்துவிட்டு வாங்குவது மேல். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதுதான் 2017 வாடகைச் சட்டம் சொல்லும் வழக்கமான வரம்பு. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

---

வேப்பமரத்தடி

எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் பேசினேன். இரண்டு மணி நேரம் மோட்டார் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். செப்டிக் டேங்க் உறைதான் என்று ஒத்துக்கொண்டார், ஐந்து உறை. பட்டா இன்னும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது, பதிவுக்குப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்கிறார். டோக்கன் அட்வான்ஸ் இந்த வாரமே கேட்கிறார். என்ன செய்யலாம்?

---

புலப்படம்

உட்பிரிவு செய்து தனிப் பட்டா வந்த பிறகு பதிவு என்று உறுதியாகச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டாவில் இருக்கும் மற்றவர்களின் பங்கு அளவு ஒத்துவராவிட்டால் பின்னால் அலைய வேண்டியது நீங்கள்தான். நில அளவையர் வந்து கல் நட்டு அளக்கும்போது நீங்களும் கூட நில்லுங்கள். டோக்கன் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சிறு தொகையை வங்கி வழியாக மட்டும் கொடுத்து, தனிப் பட்டாவும் தண்ணீர்ச் சோதனை முடிவும் சரியில்லாவிட்டால் முழுத் தொகையும் இத்தனை நாளில் திரும்பத் தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

---

மட்டக்கோல்

உறைக்குப் பதிலா அடி மூடின ரெண்டு அறை டேங்க் அவர் செலவுல கட்டித் தரட்டும். அஞ்சு பேருக்கு உள்ளளவு அஞ்சு அடி நீளம், ரெண்டரை அடி அகலம், தண்ணி நிக்கற ஆழம் மூணரை அடி, அதுக்கு மேல ஒரு அடி காலி. இப்ப இருக்கற உறையை உறிஞ்சு குழியா வச்சுக்கலாம், போருக்கு எதிர்மூலையில இருந்தா மட்டும். பக்கத்துலேயே இருந்தா அதைக் கழிவு எடுத்து, மணலும் ஜல்லியும் போட்டு மூடச் சொல்லிட்டு வேற இடத்துல தோண்டச் சொல்லுங்க. டேங்க்ல இருந்து வெளியே போற குழாயை ரோட்டுப் பக்கம் பார்த்து வைக்கச் சொல்லுங்க, நாளைக்கு பாதாளச் சாக்கடை வர்றப்போ டைல்ஸை உடைக்காம இணைச்சுக்கலாம்.

---

ஊற்றுக்கண்

மோட்டார் ஓட்டும் நாளுக்கு முந்தின ராத்திரியிலிருந்து சம்பும் தொட்டியும் காலியாக இருக்கட்டும், 5,000 லிட்டர் வரை வரும், விட இடம் வேண்டும். மாதிரித் தண்ணீரைக் கடைசி அரை மணியில் பிடியுங்கள், அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். கூடவே மாடியில் மழைநீர் இறங்கும் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். ஆயிரம் சதுரடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டர் கிடைக்கும். அதைத் தெருவில் விட்டிருந்தால் வடிகட்டிக் குழி வழியாகப் போருக்குப் பக்கத்தில் நிலத்தில் இறக்கச் சொல்லுங்கள். போர்க்குழாய்க்குள் நேரடியாக விட அனுமதிக்காதீர்கள், மாடித் தூசும் பறவை எச்சமும் அப்படியே குடிநீரில் போய்ச் சேரும்.